வந்தவாசி ரவுட்டருக்கு வைத்த கல்யாண அழைப்பு

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று எங்கள் ஊரில் யாருக்கும் இன்றுவரை சரியாகத் தெரியாது. "நெட்டு வரலன்னா வருமே, அந்தப் பொண்ணு" என்பார்கள். அதுவும் உண்மைதான். நெட் ஒழுங்காக வரும்போது என்னை யாரும் தேடியதில்லை, ஒரு தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதில்லை.

ஆரணியில் கேபிள் டிவி நடத்தி, பிறகு அதே கம்பங்களில் இன்டர்நெட்டையும் இழுத்து வளர்ந்த கம்பெனி எங்களுடையது. முதலாளிகள் அண்ணனும் தம்பியும். பட்டு நெய்கிற குடும்பத்தில் பிறந்து, தறியை விட்டுவிட்டுக் கம்பி இழுக்க வந்தவர்கள். பாகம் பிரித்தபோது ஆரணியும் படவேடும் அண்ணனுக்கு, வந்தவாசியும் தேசூரும் தம்பிக்கு என்று ஆனது. ஆபீஸ், வண்டி, ஏணி, துளை போடும் மிஷின் எல்லாவற்றையும் பிரித்தார்கள். என்னை மட்டும் பிரிக்க முடியவில்லை. இந்தச் சம்பளத்துக்கு இன்னொரு இன்ஜினியர் கிடைக்க மாட்டாள் என்பதால் இரண்டு பேருக்கும் நானே என்று விட்டுவிட்டார்கள். அண்ணனை சார் என்று கூப்பிடுவேன். தம்பியை அண்ணா என்பேன். இதில் யாருக்கு மரியாதை கூடுதல் என்று இரண்டு பேருமே என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

பாகம் பிரித்தது சண்டையில்லாமல்தான் நடந்தது. சண்டை வந்தது ஒரு புடவையால். அண்ணனின் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குத் தம்பி, அண்ணிக்கு ஒரு பட்டுப்புடவை வைத்தார். தாம்பாளத்தில் இருந்த அந்தப் புடவையை யாரோ ஒரு பெரியம்மா எடுத்து, முந்தியைத் திருப்பி, விரலால் தேய்த்துப் பார்த்து, "பவர்லூம் மாதிரி இருக்குதே" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். வேறு ஊராக இருந்தால் அது ஒரு பேச்சே இல்லை. ஆரணியில், நெசவுக் குடும்பத்தில், அண்ணன் வீட்டு விசேஷத்துக்கு விசைத்தறிப் புடவை வைப்பதும் செருப்பால் அடிப்பதும் ஒன்று. கைத்தறிதான் என்று தம்பி தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அண்ணன் நம்பவில்லை. "ஆரணியில பொறந்துட்டு எங்கூட்டுக்கே பவர்லூமாடா?" என்றாராம். அன்றோடு பேச்சு நின்றது.

அவர்கள்தான் பேசவில்லை. ரவுட்டர்கள் பேசிக்கொண்டுதான் இருந்தன.

இதை நான் சாதாரணமாக, ஒரு டீ குடிக்கிற நேரத்தில், சாரிடம் சொல்லித் தொலைத்தேன். ரவுட்டர் என்ன செய்யும் என்று அவராகத்தான் கேட்டார். சப்நெட் என்பது முகவரிகளின் ஒரு கூட்டம், நம் கணக்கில் ஒரு தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒவ்வொரு ரவுட்டரும் அரை நிமிடத்துக்கு ஒரு தடவை, தன் பக்கத்து ரவுட்டரிடம் தனக்குத் தெரிந்த தெருக்களையெல்லாம் ஒப்பிக்கும். 'இந்தத் தெருவுக்குப் போகணுமா, என் வழியா வா, ஒரு ஹாப் தூரம்' என்று சொல்லும். ஹாப் என்றால் வழியில் தாண்ட வேண்டிய ஒரு ரவுட்டர். கேட்ட ரவுட்டர் அப்படியே நம்பும். போய்ப் பார்க்காது, விசாரிக்காது. கூட ஒன்று சேர்த்து, தனக்கு அடுத்ததிடம் 'அந்தத் தெரு என் வழியா ரெண்டு ஹாப்' என்று சொல்லிவிடும். இப்படித்தான் படவேட்டில் நாம் புதிதாக ஒரு தெருவுக்கு லைன் கொடுத்தால், யாரும் போய் எழுதாமலே வந்தவாசிக்கும் தேசூருக்கும் தெரிந்துவிடுகிறது. நான் விளக்கி முடித்தபோது சார் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்ப நம்ம ரவுட்டரு, அவன் ரவுட்டருகிட்ட பேசிகினு இருக்குதா?"

"பேசிகினுதான் சார் இருக்குது."

"எப்பலேர்ந்து?"

"வெச்ச நாள்லேர்ந்து."

"இன்னாம்மா அநியாயமா இருக்குது! நான் அவன் மூஞ்சியில முழிக்காம இருக்கிறேன். என் காசுல வாங்குனது, என் கரண்டத் தின்னுகினு, எங்கூட்டு விஷயத்த அரை நிமிஷத்துக்கு ஒரு தபா அவன்கிட்ட போயி ஒப்பிக்குதா? யாரு மொதல்ல பேசுறது? நம்முதா, அவனுதா?"

"ரெண்டும் பேசும் சார். மொதல், ரெண்டாவதுன்னு ஒண்ணும் கிடையாது."

"அதெப்படி இல்லாம இருக்கும்?" என்று கொஞ்ச நேரம் ரவுட்டர் இருந்த அலமாரியையே முறைத்தார். பிறகு, "நாம பேச வாணாம். அவன் பேசுனா கேட்டுக்கலாம். அந்த மாதிரி வெக்க முடியுமா?" என்றார்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. பேஸிவ் என்று பேர். அதைப் போட்டால் ரவுட்டர் அந்தப் பக்கம் காதை மட்டும் கொடுக்கும், வாயைத் திறக்காது. எங்கோ கடல் தாண்டி உட்கார்ந்திருந்த எவனோ, எங்கள் வட ஆற்காட்டுச் சொந்தக்காரர்களை ஒரு கல்யாணத்தில் பார்த்துவிட்டுப் போய்த்தான் அதை எழுதியிருக்க வேண்டும். போட்டேன்.

போட்ட மறுநாளே வந்தவாசியிலிருந்து அண்ணா போன் செய்தார். எந்தத் தெருவுக்கு எது வழி, எத்தனை ஹாப் என்று ரவுட்டர் எழுதிவைக்கும் ரூட்டிங் டேபிளை அவர் தினமும் பார்க்கிறவர். சில பேர் ராசிபலன் பார்ப்பார்களே, அந்த மாதிரி. நான்தான் சொல்லிக்கொடுத்தேன், சொல்லிக்கொடுத்த கையை உடைத்துக்கொள்ள வேண்டும்.

"ஏம்மா, ஆரணி ரூட்டு ஒண்ணையும் காணோம்?"

"சார் பேச வாணாம்னு சொல்லிட்டாரு அண்ணா. கேட்டுக்க மட்டும்."

"ஓ! நான் பேசணும், அவரு கேட்டுக்குவாரா? நான் இன்னா ரேடியோவா? என்னுதையும் வாய மூடும்மா, ஜல்தி."

அதையும் போட்டேன். தேசூரிலும் ஆரணிப் பக்கம் பார்த்த வாயை மூடினேன். ஆக, இரண்டு ஊர்களுக்கு நடுவில் போன கண்ணாடி இழைக் கேபிளின் இரண்டு முனையிலும் இரண்டு ரவுட்டர்கள், இரண்டும் காதைத் தீட்டிக்கொண்டு, இரண்டும் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தன. முன்பெல்லாம் ஒரு ஊரில் மெயின் லைன் போனால் இன்னொரு ஊர் தாங்கும். இப்போது வந்தவாசியில் லைன் போனால் வந்தவாசி முழுக்கக் கத்தும், ஆரணியில் சார் கால்மேல் கால் போட்டுக்கொண்டு மொபைலில் சீரியல் பார்ப்பார். ஆரணியில் போனால் அண்ணா எனக்குப் போன் செய்து, "பாவம், அங்க ரொம்ப பேஜாரா?" என்று அக்கறையாக விசாரிப்பார். திட்டு வாங்குவது இரண்டு ஊரிலும் நான். அம்மா சொன்னாள், "அதுங்க ரெண்டு பேருக்கும் நடுவுல போகாதடி. நாளைக்கு அதுங்க ஒண்ணாயிடும், நீதான் கெட்டவளாவ." நடுவில் போவதுதான் என் உத்தியோகமே என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சாருடைய மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவள் எங்கள் ஆபீஸில்தான் பில்லிங் கவுண்டரில் உட்கார்ந்திருப்பாள். ஒரே பெண். அவளுடைய அம்மாவுக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. அதனால் காது குத்தியதிலிருந்து மாமன் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் சித்தப்பாதான் செய்தார். அவர் மடியில் வைத்துத்தான் காது குத்தினார்கள். வயதுக்கு வந்தபோது தாய்மாமன் மாலையை அவர்தான் போட்டார். கல்யாணத்தன்று கையைப் பிடித்து மணைக்கு அழைத்து வரவும் அவர்தான் வேண்டும். அவள் அதில் உறுதியாக இருந்தாள்.

"அக்கா, சித்தப்பா வரலன்னா நான் மணையில உக்கார மாட்டேன். எங்கப்பாகிட்டயும் சொல்லிட்டேன். வெளயாட்டுக்குச் சொல்லலக்கா." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

சாரோ, "வரட்டுமே, வாணாம்னு யாரு சொன்னா? ஊருக்கே தெரியும், அவனுக்குத் தெரியாதா?" என்றார். தெரிவது கணக்கில் சேராது என்பது அவருக்கே தெரியும். தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமம், பத்திரிகை வைத்து, வீடு தேடிப் போய்க் கொடுத்தால்தான் அழைப்பு. அது வராதவரை, கூடப்பிறந்தவனுக்குக்கூட அந்தக் கல்யாணம் நடக்கவே இல்லை. அண்ணாவும் அப்படித்தான், "கல்யாணமா? யாருக்கும்மா? எனக்கு ஒண்ணும் தெரியாதே" என்றார். சொல்லிவிட்டு உடனே, "அந்த மண்டபத்துல கார் நிறுத்த எடம் இருக்குதா?" என்று கேட்டார்.

ஒருநாள் காலையில் சார் என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்தினார். சத்தம் வெளியே போகாதிருக்க ஃபேனை வேகமாக வைத்தார்.

"ஏம்மா, நான் சொல்லாம, ரவுட்டரு மட்டும் அவன்கிட்ட ஒரு விஷயத்தச் சொல்ற மாதிரி பண்ண முடியுமா?"

"இன்னா விஷயம் சார்?"

"மண்டபத்துக்கு ஒரு சப்நெட்டு போடு. அத்த நம்ம ரவுட்டரு அவன் ரவுட்டருகிட்ட சொல்லட்டும். மத்த தெருவெல்லாம் ஒண்ணும் சொல்ல வாணாம், வாய மூடிகினு இருக்கட்டும். கல்யாணம் மட்டும். அவன் அத்தத் தெனம் பாக்குறவன். பாத்துட்டு வந்தா வரட்டும்."

நான் சிரிக்கவில்லை. சிரித்தால் வேலை போகும் என்பதற்காக இல்லை. அவர் முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வரவில்லை. "அவருக்கு அது கல்யாணம்னு எப்படி சார் தெரியும்? வெறும் நம்பர்தானே வரும்?" என்றேன். அதற்கும் யோசித்து வைத்திருந்தார். எங்கள் முகவரிகள் எல்லாம் பத்தில் ஆரம்பிக்கும். பத்துக்கு அடுத்து முகூர்த்த மாதம், அதற்கு அடுத்து முகூர்த்தத் தேதி. கடைசியில் பூஜ்யம். எழுதிக் காட்டினேன். உற்றுப் பார்த்தார், முகம் சுளித்தார்.

"இன்னாம்மா பூஜ்யத்துல முடியுது?"

"சப்நெட்டுன்னா பூஜ்யத்துலதான் சார் வரும்."

"சுபகாரியம்மா! மொய் வெச்சாக்கூட ஒண்ணு சேத்துதான் வெப்பாங்க. பூஜ்யத்துல போயி நிறுத்துறியே. ஒண்ணு போடு."

அரைமணி நேரம் வாதாடினேன். தெரு என்றால் வாசலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அது பூஜ்யம், அதை மாற்ற எனக்கு அதிகாரமில்லை என்றேன். அவர் மசியவில்லை. கடைசியில், ஒரே ஒரு முகவரி மட்டும் உள்ள சப்நெட்டாகப் போட்டால் ஒன்றில் முடிக்கலாம் என்று ஒத்துக்கொண்டேன். ஒரே வீடு இருக்கிற தெரு. மண்டபத்துக்கு இன்னும் கம்பியே போகாததால், அதை ரவுட்டருக்குள்ளேயே ஒரு பொய்யான போர்ட்டில் கட்டிவைத்தேன். ராகு காலம் முடியட்டும் என்றார், காத்திருந்தேன். எமகண்டமும் பார்த்தார். பிறகு, பல மாதங்களாக வாயே திறக்காத ஆரணி ரவுட்டர், மொய் சேர்த்த ஒரு சப்நெட்டை உலகத்துக்கு அறிவித்தது. உலகம் என்றால் வந்தவாசியும் தேசூரும்.

அண்ணாவிடமிருந்து போன் வர மதியம் ஆனது. குரலே சரியில்லை.

"ம்மா, அண்ணன்கிட்டேர்ந்து ஒண்ணு வந்திருக்குது."

"பாத்தீங்களா அண்ணா? நம்பரப் படிங்க."

"படிச்சேன். புரிஞ்சிது." எனக்குச் சந்தோஷம் பொங்கியது, கவுண்டரில் இருந்த பெண்ணைப் பார்த்துக் கையைக்கூட ஆட்டிவிட்டேன். அப்புறம் அவர் வெடித்தார். "ஆனா ரெண்டு ஹாப்புன்னு போட்டிருக்குதே! தேசூர் வழியா வந்திருக்குது! கூடப்பொறந்தவனுக்கு நேரா சொல்ல மாட்டாரா? தேசூர விட்டுச் சொல்லியனுப்புறாரா? தேசூர் யாருது? என்னுது! என் ஆள விட்டு எனக்கே சேதி சொல்றாரும்மா அவரு!"

விஷயம் இதுதான். ஆரணிக்கும் வந்தவாசிக்கும் நேராகப் போகிற இழையை, ரோடு அகலப்படுத்துகிறேன் என்று தோண்டியவர்கள் முந்தின நாள் அறுத்துவிட்டார்கள். இரண்டு பேரும் பேசாத லைன் என்பதால் அது அறுந்தது யாருக்கும் தெரியவில்லை. அதனால் அறிவிப்பு, ஆரணியிலிருந்து தேசூருக்குப் போகிற இன்னொரு இழையில் சுற்றிக்கொண்டு தேசூர் போய், தேசூர் அதில் ஒன்று கூட்டி வந்தவாசிக்குச் சொன்னது. ரவுட்டர் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. இதை எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

"கேபிள் கட்டு அண்ணா, சார் மேல தப்பில்ல."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. பத்திரிகைய வேற ஆள்கிட்ட குடுத்து அனுப்புனா எவனாவது போவானா? ஒண்ணுன்னு வரட்டும், நான் வர்றேன். ரெண்டுன்னா நான் வர மாட்டேன்."

போனை வைத்துவிட்டு அந்தப் பெண்ணைப் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "அக்கா, எப்படியாச்சும் ரெண்ட ஒண்ணாக்குங்கக்கா" என்றாள். கல்யாணப் பெண், கையில் மருதாணிக்கு டிசைன் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவள், ஹாப் கணக்குக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த இரண்டு பேரையும் ஒரே கேபிளில் கட்டி ஏரியில் போட்டிருப்பேன்.

இழை ஒட்டுகிற மிஷினைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். சாரும் வண்டியில் ஏறிக்கொண்டார். "எங்க கட்டாச்சின்னு பாக்கத்தான்" என்றார். நான் கேட்கவே இல்லை. வந்தவாசி ரோட்டில் பாதி தூரத்தில் ஒரு புளியமரத்துக்குப் பக்கத்தில் பள்ளம் இருந்தது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் அண்ணா ஏற்கனவே வந்து நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஒரு இழையைப் பிடித்துக் கொடுக்கக்கூடத் தெரியாது. இஸ்திரி போட்ட சட்டை வேறு.

"கட்டானது அவரு பக்கந்தாம்மா. அவருதான் ஒட்டிக் குடுக்கணும்" என்றார் அண்ணா, என்னிடம்.

"ரோடு போட்டது அவன் ஊருக்குத்தாம்மா" என்றார் சார், என்னிடம்.

இரண்டு பேருக்கும் நடுவில் பள்ளத்துக்குள் நான். அவர்களுக்கு நடுவில் இருந்த தூரம் ஒரு ஏணி அகலம்கூட இல்லை. நான் இழையைச் சீவி, துடைத்து, மிஷினில் வைத்து ஒட்டினேன். மேலே ஏறி, பைக் சீட்டின்மேல் லேப்டாப்பைத் திறந்து, வந்தவாசி ரவுட்டரின் டேபிளைப் போட்டேன். ரெண்டு என்று இருந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள். அண்ணன் மூச்சு ஒரு காதில், தம்பி மூச்சு ஒரு காதில். பக்கத்தில் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் எங்களை ஏதோ போலீஸ் கேஸ் என்று நினைத்து வேலையை நிறுத்திவிட்டார்கள். நேராகப் பேசியிருந்தால், "கல்யாணத்துக்கு வாடா" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அதைவிட்டு மூன்று பேரும் ரவுட்டர் வாய் திறக்கக் காத்திருந்தோம். ரெண்டு, ஒன்றாக மாறியது.

"வந்துடுச்சி" என்றார் அண்ணா. அது யாரிடம் சொன்னது என்று எனக்குத் தெரியாது. சார் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெயிலு" என்று சொல்லி வண்டியில் போய் ஏறிக்கொண்டார்.

கல்யாணத்துக்கு அண்ணா வந்தார். குடும்பத்தோடு, முகூர்த்தத்துக்கு வெகுநேரம் முன்பாகவே. வாசலில் பன்னீர் தெளிக்க நின்றிருந்த சார், அவர் நுழையும்போது வாழைமரத்தை ஏதோ சரிசெய்வதுபோலத் திரும்பிக்கொண்டார். சித்தப்பா கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் மணைக்கு நடந்து வந்ததைப் பார்த்தபோது நான் தேம்பியே அழுதேன். ஏன் இந்தப் பொண்ணு இப்படி அழுகிறது, நெட்டு வரவில்லையா என்று யாரோ கேட்டார்கள். சாப்பாட்டுப் பந்தி நேரத்தில் சார் என்னைக் கூப்பிட்டு, "அவன் சாப்டானான்னு கேளும்மா" என்றார். அண்ணா, "சாப்டேன்னு சொல்லும்மா. ரசம் நல்லா இருந்துதுன்னு சொல்லு" என்றார். "நான் என்ன கேபிளா?" என்று கத்திவிட்டேன். சுற்றியிருந்த பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் இரண்டு பேர் மட்டும் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல், தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு தம்பி கிளம்பிப் போனார்.

பெண்ணைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பிவைத்து, மண்டபத்தைக் காலிசெய்து, எல்லாம் முடிந்தது. ஆபீஸுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை அந்த சப்நெட்டை எடுத்ததுதான். வேலைக்காகாத ரூட்டை டேபிளில் விட்டுவைப்பது எனக்குப் பிடிக்காது. பழைய காலண்டரைச் சுவரில் தொங்கவிட்ட மாதிரி இருக்கும்.

கொஞ்ச நேரத்தில் வந்தவாசியிலிருந்து போன்.

"ஏம்மா, அந்த ரூட்ட அண்ணன் எடுக்கச் சொன்னாரா?"

"இல்லண்ணா. நான்தான் எடுத்தேன். கல்யாணம்தான் முடிஞ்சிடுச்சே."

"ஓ" என்றார். எப்போதும் அடுத்த வார்த்தையிலேயே சண்டைக்கு வருகிறவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"திரும்ப போட்டு வெக்கிறியாம்மா?"

"அண்ணா, அது ஒரு எடமே இல்ல. அங்க கம்பி இல்ல, மிஷினு இல்ல. நான் சும்மா கட்டிவெச்ச நம்பரு. அந்தப் பக்கம் எதுவுமே கிடையாது."

"தெரியும்மா, தெரியும். இருந்துட்டுப் போவட்டும்" என்றார். "எங்கண்ணன்கிட்டேர்ந்து எனக்குன்னு வந்துகினு இருந்தது அது ஒண்ணுதாம்மா."